மாமியார் செம்பருத்தியிடம் சொன்னது

ஒரு வீட்டில் யாரை வேண்டுமானாலும் "வேண்டாம், விடு" என்று தடுத்துவிடலாம். மாப்பிள்ளையை மட்டும் தடுக்க முடியாது. மூன்றாவது தோசையோடு போதும் என்று நீங்கள் தட்டை மறைத்தாலும் நாலாவது வந்து விழும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அவ்வளவாக வெளியே தெரியாத விஷயம், மாப்பிள்ளை ஒரு காரியத்தைத் தப்பாக ஆரம்பித்தாலும் யாரும் குறுக்கே வரமாட்டார்கள் என்பது. சுற்றி நின்று மரியாதையாகப் பார்ப்பார்கள். அப்படி மரியாதையாகப் பார்க்கப்பட்டே நான் ஒரு செம்பருத்திச் செடியை ஒன்பது நாளில் மொட்டையாக்கினேன். அதோடு நின்றிருந்தால் இதை எழுதவே வேண்டியதில்லை.

என் மனைவி கவிதாவுக்குச் சொந்த ஊர் கறம்பக்குடி. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று வளைகாப்பு முடிந்த கையோடு அழைத்துப் போனார்கள். நான் சென்னையில் கணினி வேலை. ஒரு வாரம் தனியாக இருந்து பார்த்தேன். முடியவில்லை. அலுவலகத்தில் கெஞ்சி, வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கிக்கொண்டு மடிக்கணினியும் நானுமாகக் கறம்பக்குடியில் போய் இறங்கிவிட்டேன். (பிரசவம் வரை மாப்பிள்ளை மாமனார் வீட்டிலேயே டேரா போடுவது அந்தத் தெரு அதற்கு முன் கண்டிராத காட்சி.)

எனக்குப் பயம். அதை நேராகவே சொல்லிவிடுகிறேன். முந்தின வருஷம் ஒன்று வந்து மூன்றாம் மாதத்திலேயே தங்காமல் போயிருந்தது. அதனால் இந்த முறை கவிதா தும்மினால்கூட நான் எழுந்து நின்றுவிடுவேன். "இப்ப அசையுதா?" என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவை கேட்டேன். நாற்பத்தொன்றாவது தடவை அவள், "ஏங்க, நீங்க அசையாம ஒரு எடத்துல ஒக்காருங்க, போதும்" என்றாள். உட்கார்ந்தேன். ஐந்து நிமிடத்தில் எழுந்து மோட்டாரைப் பார்க்கப் போனேன். அடுத்து கேட்டின் தாழ்ப்பாள். ஆடாத நாற்காலி ஒன்றின் காலை ஆட்டிப் பார்த்து, ஆட வைத்தேன்.

அந்த வீட்டில் என்னைத் தவிர இன்னொருவருக்கும் அதே பயம் இருந்தது. அது என் மாமியார், அதாவது அத்தை. ஆனால் அவருக்குப் பயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரிந்திருந்தது. பிள்ளை நல்லபடியாகப் பிறக்க, தெருக்கோடி மாரியம்மனுக்கு ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாளும் விடாமல், வீட்டுச் செம்பருத்தியில் பதினொரு பூ காலையில் கொண்டுபோய்ச் சாத்துவதாக நேர்ந்துகொண்டிருந்தார். கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு நின்றது அந்தச் செடி. அடுக்கு இல்லாத ஒற்றைச் செம்பருத்தி, நல்ல இரத்தச் சிவப்பு. நான் போய் இறங்கியபோது பத்து நாள் முடிந்திருந்தது.

இங்கே ஒரு வழக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் அத்தை மாப்பிள்ளையிடம் நேருக்கு நேர் பேசமாட்டார். கோபம் ஒன்றுமில்லை. அது ஒரு மரியாதை. எனக்கு ஊர் திருச்சி. எங்கள் வீட்டு மாமியார்கள் மாப்பிள்ளைகளோடு நன்றாகவே பேசுவார்கள், நிறுத்தத்தான் வழி இல்லை. எனவே எனக்கு இது புதிது. அத்தை என்னிடம் சொல்ல வேண்டியதை மாமாவிடம் சொல்வார், மாமா என்னிடம் சொல்வார். மூன்று பேரும் ஒரே அறையில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருப்போம்.

மாமா அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் கூட்டத்தில் கத்திக் கத்தி, இனி ஒரு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை என்று முடிவெடுத்திருந்தார். அத்தை அவரிடம், "இந்தாங்க, அவுகளுக்கு மீன் கொழம்புல புளி கூடிப்போச்சான்னு கேளுங்க. அன்னிக்கி பாதிச் சோத்தோட எந்திரிச்சிட்டாக. வேணும்னா ரெண்டு முட்டையப் பொரிச்சுத் தரவான்னும் கேளுங்க" என்பார்.

மாமா என் பக்கம் திரும்பி, "மாப்ள, கொழம்பு?" என்பார்.

"நல்லாருக்கு மாமா."

"நல்லாருக்காம்."

மாமா வீட்டில் இல்லாத நேரத்தில் அத்தை கையில் கிடைத்த பொருளிடம் பேசுவார். அடுப்படியில் நின்று ரசச் சட்டியைப் பார்த்து, "ஒன்னய எப்பத்தான் ஊத்திச் சாப்பிட வருவாகளோ" என்று ஒரு தடவை பெருமூச்சு விட்டார். அது எனக்குத்தான் என்று எனக்கே புரிந்து, மடிக்கணினியை மூடிவிட்டு எழுந்து போனேன். அந்த அளவுக்கு நான் கெட்டிக்காரன்தான். அதனால்தான் பின்னால் நடந்ததை இன்றுவரை என்னாலேயே மன்னிக்க முடியவில்லை.

ஐப்பசி அடைமழை நாலு நாள் பெய்து ஓய்ந்திருந்தது. நேர்த்திக்கடனின் இருபத்திரண்டாவது நாள் காலையில் கொல்லையில் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது செம்பருத்தியின் அடி இலைகளில் பழுப்புப் புள்ளிகளைப் பார்த்தேன். புள்ளியைச் சுற்றி ஒரு மஞ்சள் வளையம். இரண்டு இலைகளில் புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து கருத்துப்போய், தொட்டால் கொழகொழவென்று இருந்தது. வாயில் நுரையோடு அப்படியே நின்றுவிட்டேன். இந்தச் செடிக்கு ஏதாவது ஆனால் நேர்த்தி நின்றுபோகும். நேர்த்தி நின்றுபோனால்? அதற்கு மேல் யோசிக்கவே பிடிக்கவில்லை. (எனக்குச் சாமி நம்பிக்கை பெரிதாகக் கிடையாது. அந்த இரண்டு மாதம் மட்டும் எல்லாவற்றிலும் நம்பிக்கை இருந்தது.)

அத்தைக்கு அந்தப் புள்ளிகள் எனக்கு முன்னாலேயே தெரியும். மழை விட்டால் செம்பருத்திக்கு இலை அழுகல் வருவது அவர் வருஷா வருஷம் பார்க்கிற சங்கதி. காலையில் பூப்பறிக்கும்போதே கெட்ட இலைகளைக் கிள்ளி முந்தானையில் கட்டிக்கொண்டுபோய் வெந்நீர் அடுப்பில் போட்டுவிடுவார். உள்ளே காற்றுப் போகட்டும் என்று நெருக்கமாக வளர்ந்த நாலு குச்சியை ஒடித்துவிடுவார். வேருக்கு மட்டும், காலையில் மட்டும், மண் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். அவ்வளவுதான் அவருடைய வைத்தியம். அவரை அப்படியே விட்டிருந்தால் இரண்டு வாரத்தில் தானாகச் சரியாகியிருக்கும்.

எனக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. அதுதான் பிரச்சினை. காலை அலுவலகக் கூட்டத்தில் மேலாளர் பேசிக்கொண்டிருக்க, நான் கைபேசியில் செம்பருத்தி நோய்களைப் படித்தேன். பூஞ்சை என்றார்கள். இலையில் தூசி படியக் கூடாது என்று ஒருவர் எழுதியிருந்தார். செடியோடு அன்பாகப் பேசினால் அது நன்றாகத் தேறும் என்று இன்னொருவர் சத்தியம் செய்திருந்தார். அன்று சாயங்காலமே ஹோஸ் பைப்பை எடுத்து, முனையை விரலால் அழுத்திப் பிடித்து, உச்சி முதல் அடி வரை செடியைக் குளிப்பாட்டினேன். ஓர் இலை பாக்கியில்லை. மனதுக்கு அவ்வளவு இதமாக இருந்தது.

மாமா கடைத்தெருவுக்குப் போயிருந்தார். கவிதா படுத்திருந்தாள். அத்தை கொல்லைக் கதவுக்கு வந்து, முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு, செடியைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

"ஏன்டி ஆத்தா, பொழுது சாயிற நேரத்துல தலையோட ஊத்திக்கிட்டு நிக்கிறியே, எலை எப்படிக் காயும்? காலுக்கு ஊத்துனாப் பத்தாதா? அதும் காலையில ஊத்துனாத்தானே ஒனக்கு ஆகும்?"

அடடா, அத்தையும் அந்தக் கட்டுரையைப் படித்திருக்கிறார் போல என்று எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. செடியோடு எவ்வளவு பாசமாகப் பேசுகிறார்! நானும் என் பங்குக்கு இலையைத் தடவிக்கொடுத்து, நல்ல சத்தமாகவே சொன்னேன்: "கவலப்படாத கண்ணு. நான் எல்லாம் படிச்சுட்டுத்தான் செய்யிறேன்."

அத்தை சட்டென்று உள்ளே போய்விட்டார். அடுப்பில் ஏதோ கருகுகிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து இது தினசரி வழக்கமானது. சாயங்காலம் ஆனால் குளியல். உதிர்ந்த இலைகளை வீணாக்காமல் கூட்டி அள்ளி, செடியின் அடியிலேயே மெத்தை மாதிரி பரப்பினேன். அத்தை மறுபடியும் கதவோரம் வந்தார். "அழுகுன எலையெல்லாம் மடியில கட்டிக்கிட்டு நிக்கிறியேடி. அது ஒனக்கே திரும்ப ஒட்டாதா? அள்ளி அடுப்புல போட்டா ஆகாதா?" என்று செடியைக் கேட்டார்.

"மக்குனா எல்லாம் ஒனக்கு உரம்தான் தங்கம்" என்று நானும் செடியிடம் சொன்னேன்.

புள்ளிகள் நடு இலைக்கு ஏறின. எனக்குத் தூக்கம் குறைந்தது. கவிதா, "செடிய விடுங்க, அம்மா பாத்துக்குவாங்க" என்றாள். அம்மா செடியோடு பேசுகிறார், பாவம், அவருக்கு என்ன தெரியும் என்று நான் சொல்லவில்லை. நினைத்தேன்.

இருபத்தாறாவது நாள் உரக்கடைக்குப் போனேன். கறம்பக்குடிக் கடைத்தெருவில் தென்னைக்கும் கடலைக்கும் மருந்து விற்கிற பெரிய கடை. கல்லாவில் இருந்தவர், "இலை அழுகலா? காப்பர் மருந்து அடிங்க. எத்தன ஏக்கரு?" என்று கேட்டார்.

"ஒரு செடி."

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "ஒரு செடி" என்று அவரும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். "யாரு வீட்டு மாப்ள நீங்க?"

சொன்னேன். அவர் ஒரு பொட்டலத்தை எடுத்து வைத்து, "லிட்டருக்கு ரெண்டர கிராம். அதுக்கு மேல போகாதீங்க. வெயில் தாழ்ந்து அடிங்க. பூவுல படாம அடிங்க" என்றார். இப்போது யோசித்தால் அவர் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட நான் மீறாமல் விடவில்லை. இரண்டரை கிராமை அளக்க வீட்டில் தராசு இல்லை என்பதால் குழம்புக் கரண்டியால் அளந்தேன். சீக்கிரம் குணமாகட்டும் என்று இன்னொரு கரண்டியும் போட்டேன். சாயங்காலம் அலுவலகக் கூட்டம் இருந்ததால் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கே அடிக்க இறங்கினேன். மழை விட்ட வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

உள்ளிருந்து அத்தை மாமாவிடம் படபடவென்று ஏதோ சொல்வது கேட்டது. என்ன சொன்னார் என்பதைப் பிறகு கவிதாதான் சொன்னாள். "இந்தாங்க, இந்த வெயில்ல மருந்தடிச்சா எலை கருகிப்போகும்னு சொல்லுங்க. அம்மனுக்குப் போற பூ, அதுல மருந்து படக்கூடாதுன்னு சொல்லுங்க. கொஞ்சம் வெரசாப் போய்ச் சொல்லுங்க."

மாமா எழுந்து வந்தார். வாசற்படியில் நின்றார். "மாப்ள, வெயிலு" என்றார்.

"பரவால்ல மாமா, தொப்பி போட்டிருக்கேன்."

மாமா உள்ளே போய், "தொப்பி இருக்காம்" என்றார்.

மறுநாள் காலையில் பூக்களின் காம்பெல்லாம் பச்சையும் நீலமுமாகப் பொடி பூத்திருந்தது. அத்தை அவற்றை மூன்று தண்ணீரில் அலசி எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனார். அப்படியும் பூசாரி மோந்து பார்த்துவிட்டு, "என்னத்தா, ஆத்தாளுக்கே மருந்தடிக்கிறியளா?" என்று கேட்டதாகக் கவிதா வந்து சொன்னாள். எனக்கு முகம் சிவந்துபோனது. சாயங்காலத்துக்குள் இலை ஓரங்கள் கருகிச் சுருண்டன. சரி, மருந்து வேலை செய்கிறது, நோயாளி இலைகள் விழுகின்றன என்று நான் என்னையே தேற்றிக்கொண்டேன்.

முப்பதாவது நாள் கவிதாவைப் பரிசோதனைக்குப் புதுக்கோட்டைக்கு அழைத்துப் போக வேண்டியிருந்தது. அத்தை விடிகாலையிலேயே பூப்பறித்துச் சாத்திவிட்டு வந்துவிட்டார். வண்டி வந்து நின்றது. எல்லோரும் ஏறினார்கள். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மழை வந்தால் நான் அடித்த மருந்தெல்லாம் கழுவிக்கொண்டு போய்விடுமே! "ஒரு நிமிஷம்" என்று ஓடினேன். மாமா எப்போதோ கடலை மூட்டை மூட வைத்திருந்த பாலித்தீன் விரிப்பைக் கொண்டுவந்து செடியைத் தலையோடு மூடி, அடியில் கயிறு போட்டு இறுக்கிக் கட்டினேன். காற்றுப் புக ஓர் இடம் விடவில்லை. நல்ல முடிச்சு.

புதுக்கோட்டையில் டாக்டர் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். நான் மூன்று தடவை கேட்டு, மூன்றாவது தடவை கவிதா என்னை வெளியே அனுப்பிவிட்டாள். மழை வரவேயில்லை. நாள் முழுக்க வெயில்தான். திரும்பி வர அந்தி ஆகிவிட்டது. கொல்லையில் பாலித்தீனுக்குள்ளே செடி ஆவி பிடித்துக்கொண்டு, இட்லிப் பானையைப் போல உள்பக்கமெல்லாம் நீர் சொட்டி நின்றது. அத்தை அதைப் பார்த்ததும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"ஏன்டியம்மா, மூச்சு முட்டலையா ஒனக்கு? இப்படிக் கட்டிப்போட்டா வெந்துபோக மாட்டியா? வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்ல மாட்டியாடி?"

அவர் குரல் நடுங்கியது. எனக்கே பாவமாகிவிட்டது. நான் பாலித்தீன் மேல் கையை வைத்து, ஆறுதலாக, "ராத்திரி மழ வரும். காலை வரைக்கும் பொறுத்துக்க செல்லம்" என்றேன்.

அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தார். அதுவே முதல் தடவை. பிறகு உள்ளே போனார். அன்று எனக்குச் சாப்பாடு போட்டது கவிதா.

முப்பத்தொன்றாவது நாள் காலையில் முதல் ஆளாக எழுந்து கொல்லைக்குப் போய் முடிச்சை அவிழ்த்தேன். பாலித்தீனை உருவினேன். ஒரு வாடை வந்தது. அதோடு இலைகளும் வந்தன. கொத்துக் கொத்தாக, ஈரமாக, சத்தமில்லாமல் என் காலைச் சுற்றி விழுந்தன. மொட்டுகள் கருத்துத் தலைதொங்கி இருந்தன. ஒன்றுகூட விரியவில்லை. பதினொன்று வேண்டும். நான் எண்ணிப் பார்த்தேன், ஒன்றுமில்லை என்பதை எதற்கு எண்ணினேன் என்று தெரியாது. ஏதாவது செய்ய வேண்டும், உடனே செய்ய வேண்டும். அடுப்படிக்கு ஓடி மீன் வெட்டுகிற கத்தரிக்கோலை எடுத்து வந்து, அழுகின குச்சிகளை வெட்டித் தள்ளினேன். அடியில் பச்சையாக இருந்த இரண்டு நல்ல கிளைகள் தெரிந்தன. அவற்றையும் கொஞ்சம் சீர் செய்யலாம் என்று கத்தரியை அங்கிட்டுக் கொண்டு போனேன்.

"கைய எடுங்க!"

திரும்பினேன். அத்தை. கொல்லைக் கதவோரம் இல்லை, என் எதிரில், ஓர் அடி தூரத்தில். முந்தானையை இடுப்பில் செருகியிருந்தார். என் கண்ணைப் பார்த்துத்தான் சொல்லியிருந்தார். மாமா கையில் செய்தித்தாளோடு வெளியே வந்து அப்படியே நின்றுவிட்டார். அவருடைய முப்பது வருஷ இல்லறத்தில் இப்படி ஒன்று நடந்ததில்லை.

"அழுகுனத வெட்டுன கத்தரியக் கொண்டுபோய் நல்ல கெளையில வைக்கிறீங்களே, அதுக்கும் ஒட்டிக்கிறாதா? கத்தரியக் கீழ போடுங்க. அந்தக் கையால எதையும் தொடாதீங்க. மொதல்ல சுடுதண்ணியில கழுவிட்டு வாங்க ரெண்டையும்! நானும் ஒம்பது நாளா சொல்லிக்கிட்டே இருக்கேன். சாயங்காலம் தண்ணி ஊத்தாதீங்கன்னு சொன்னேன். எலைய அடியில போடாதீங்கன்னு சொன்னேன். நேத்து மூச்சு முட்டுதுன்னும் சொன்னேன்."

"எப்ப அத்தை சொன்னீங்க?" என்றேன். சத்தியமாகத் தெரியாமல்தான் கேட்டேன்.

"இந்தச் செடிகிட்ட சொல்லலியா? நீங்களும் பதில் சொன்னீங்களே! 'கவலப்படாத கண்ணு, நான் எல்லாம் படிச்சுட்டுத்தான் செய்யிறேன்'னு சொல்லலியா?"

ஒன்பது நாளும் என் தலைக்குள் வரிசையாக வந்து நின்றன.

மாமா செய்தித்தாளை மடித்தார். "கண்ணுன்னா சொன்னாரு?" என்றார்.

"தங்கம்னாரு. நேத்து செல்லம்னாரு."

மாமா என்னைப் பார்த்தார். கறம்பக்குடியிலிருந்து திருச்சிக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கலாமா என்று யோசித்தேன். கேட்பதற்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது, ஆனால் நேரம் சரியில்லை. அதற்குள் பின்னால் ஒரு சத்தம். கவிதா கதவைப் பிடித்துக்கொண்டு, வயிற்றையும் பிடித்துக்கொண்டு, சிரிக்க முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். "அம்மா... ஒங்கள... தங்கம்னு..." என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். எங்கள் மூன்று பேருக்கும் உயிர் போய்விட்டது. ஆளுக்கொரு பக்கமாக ஓடித் தூக்கினோம். அவள் சிரிப்பை நிறுத்தவேயில்லை.

அவளை உள்ளே உட்கார வைத்துவிட்டு நான் கொல்லைக்குத் திரும்பியபோது அத்தை துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அந்த மொட்டைக் குச்சிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். "மன்னிச்சுக்கங்க அத்தை. எனக்குப் பயமா இருந்துச்சு. சும்மா இருந்தா போன தடவ நடந்ததே ஞாபகம் வருது. அதான் எதையாவது செஞ்சுக்கிட்டு..." என்றேன்.

அத்தை புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "எனக்கு மட்டும் என்னவாம்? எனக்கும் பயம்தாங்க. பயத்துலதானே நேந்துக்கிட்டேன்" என்றார். நேராக என்னிடம். மாமா வழியாகப் போகாமல் அவருடைய பயம் எனக்கு வந்து சேர்ந்தது அன்றுதான். ஒரே வீட்டில் இருபது நாள் ஒரே பயத்தை ஆளுக்கொரு அறையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறோம்.

"இன்னிக்கிப் பூவுக்கு என்ன பண்றது அத்தை?"

அவர் மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தார். "இந்தத் தெருவுல பாதி வீட்டுச் செம்பருத்தி நான் ஒடிச்சுக் குடுத்த குச்சியில வந்ததுதான். அப்ப அதும் நம்ம வீட்டுப் பூதானே? ஆத்தா ஒத்துக்குவா. நீங்க கூடைய எடுத்துக்கிட்டுப் போய் வாங்கிட்டு வாங்க. நாப்பத்தெட்டு நாள் முடியிற வரைக்கும் நீங்கதான் போகணும்."

தண்டனையில் இதைவிட மெல்லிய தண்டனை இல்லை என்று நினைத்துக் கூடையை எடுத்தேன். அந்தத் தெருவைப் பற்றி எனக்கு அப்போது தெரியாது. பதினெட்டு நாள், விடிந்தும் விடியாமல், சென்னையில் வேலை பார்க்கிற மாப்பிள்ளை கூடையோடு வீடு வீடாகப் போய் "ரெண்டு பூ குடுங்க" என்று நிற்க வேண்டும். நின்றால் ஏன் என்று கேட்பார்கள். முதல் வீட்டில் செடி பட்டுப்போச்சு என்று மட்டும் சொன்னேன். மூன்றாவது நாள் கோடி வீட்டம்மா கதவைத் திறந்ததும், வாயெல்லாம் சிரிப்பாக, "பூவா? வாங்க தங்கம்!" என்றார். எப்படிப் பரவியது என்று எனக்குத் தெரியாது. மாமா அந்த வாரம் டீக்கடையில் வழக்கத்தைவிட அதிகம் பேசினார் என்பது மட்டும் தெரியும்.

பூ வாங்கி வந்து கொடுத்த பிறகு அத்தை எனக்குக் கொல்லையில் வேலை கொடுப்பார். வாய்விட்டு, நேராக. "அந்த எலை மெத்தைய மொத்தமா அள்ளுங்க, அடுப்புல போடுங்க. மேல் மண்ணச் சொரண்டிப் போட்டுப் புதுமண்ணு போடுங்க. கருத்த குச்சிய பச்சை தெரியிற வரைக்கும் வெட்டுங்க. ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தரிய வெந்நீர்ல முக்குங்க." மண் காயும் வரை தண்ணீரே கூடாது என்றார். ஐந்தாவது நாள் உரக்கடைக்காரர் சொன்ன அதே மருந்தை, அவர் சொன்ன அளவில், பக்கத்து நகைக்கடைத் தராசில் நிறுத்து வாங்கி வரச் சொன்னார். வெயில் தாழ்ந்து, துளிர் வருகிற கணுக்களில் மட்டும் அடித்தோம். அடித்தோம் என்றால் அவர் அடித்தார். நான் வாளியைப் பிடித்தேன். மூன்றாவது வாரம் ஒரு கணுவில் சின்னதாக, மினுமினுவென்று ஓர் இலை வந்தது. நான் அதைத் தொடப் போனேன். தொடவில்லை.

மண்டலம் முடிந்த நாலாம் நாள் கவிதாவுக்கு வலி எடுத்தது. புதுக்கோட்டை ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் இங்கிட்டும் அங்கிட்டும் நடந்தேன். அத்தையும் நடந்தார். எதிரெதிராக வந்து கடக்கும்போதெல்லாம் ஏதாவது ஒன்று சொன்னார். "டாக்டரம்மா கெட்டிக்காரி." "தண்ணியாவது குடிங்க." "இன்னும் ஒரு மணி நேரந்தான் இருக்கும்." நான் நடந்ததற்கு யாரும் என்னை உட்காரச் சொல்லாதது அன்று ஒரு நாள்தான்.

நர்ஸ் வெளியே வந்து, பெண் குழந்தை என்று சொல்லித் துணிப்பொட்டலத்தை அத்தையிடம் கொடுத்தார். தாயும் நலம் என்றார். அழுதேன், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு போனேன். அத்தை குழந்தையைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார்.

"போய் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க. மொழங்கை வரைக்கும்."

ஓடிப்போய் இரண்டு தடவை கழுவிக்கொண்டு ஓடிவந்தேன். அத்தை திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ம், இந்தாங்க" என்று கொடுத்தார்.

இப்போது மகளுக்கு நாலு வயது. செம்பருத்தி கூரை உயரத்துக்குப் போய்விட்டது. நேருக்கு நேர் பேசாத அந்த வழக்கம் அதன்பின் திரும்ப வரவில்லை. அத்தை தினமும் எனக்குத்தான் போன் செய்கிறார். மகளிடம் ஐந்து நிமிடம், மாமாவைப் பற்றிய புகார் உட்பட என்னிடம் அரை மணி நேரம். மாமா அதில் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. தனக்கு இரண்டாவது தடவையாக ரிட்டயர்மென்ட் ஆகிவிட்டது என்று கவிதாவிடம் மட்டும் சொன்னாராம்.

போன வாரம் நான் குளித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மகள் எடுத்துப் பேசிவிட்டு, குளியலறைக் கதவைத் தட்டி, தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கத்தினாள்: "அப்பா, ஒங்க செல்லம் பேசுறாங்க!"

துண்டோடு ஓடிவந்து போனை வாங்கினேன். அந்தப் பக்கம் அத்தை, "புள்ளைக்கு என்னத்தையெல்லாம் சொல்லிக் குடுத்து வச்சிருக்கீங்க?" என்று ஆரம்பித்து, மூச்சு விடாமல், நேராக என்னையே திட்டினார்.